பிரீத்தி ஏறினால் நிற்கிற கார்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கார், குறிப்பிட்ட ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தால் மட்டும் நடுரோட்டில் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? பிரீத்தியும் நம்புகிறவள் இல்லை. ஆனால் கார் நின்ற மூன்று தடவையும் உள்ளே உட்கார்ந்திருந்தவள் அவள். அவள் புருஷன் தனியாக ஓட்டிப்போனபோது ஒரு தடவைகூட அது நிற்கவில்லை. அதை அவளாலும் மறுக்க முடியவில்லை.

அறுபது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்த கார் அது. இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு துணி உண்டு. முன்விளக்கு இரண்டும் பானட்டுக்கு மேலே முழித்துக்கொண்டு நிற்கும். ராசிபுரத்தில் அதற்குத் தவளை என்று பெயர். குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்ததைச் சரவணக்குமார் வாங்கிவந்து, நாமக்கல்லில் கண்ணுசாமியின் பட்டறையில் போட்டு ஓட வைத்தான். கல்யாணத்துக்கு முன்னால் சேலம், ஈரோடு என்று தனி ஆளாகச் சுற்றினான். ஒரு குறையும் இல்லை.

கல்யாணம் முடிந்ததும் விருந்துப் படலம் ஆரம்பித்தது. புதுஜோடி சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றாகப் போய்ச் சாப்பிட்டு வர வேண்டும். வீட்டில் ஏசி வைத்த நல்ல கார் இருந்தது. சரவணக்குமாருக்குத் தவளையில்தான் பெண்டாட்டியைக் கூட்டிப்போக வேண்டும்.

முதல் விருந்து ஓமலூரில். கருப்பூர் தாண்டும்போது என்ஜின் இரண்டு இருமல் இருமிவிட்டு அணைந்துபோனது. தள்ளி ஓரங்கட்டினார்கள். பின்னால் வந்த லாரிக்காரன் தலையை வெளியே நீட்டினான்.

“மாப்ள, இத ஊட்டு வாசல்ல நிறுத்திப் பூச்செடி நட்டு வையி. அழகா இருக்கும்!”

பெட்ரோல் இருக்கிறதா என்று சரவணக்குமார் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தான். நிறைய இருந்தது. மூடிவிட்டு, பானட்டைத் தூக்கி, வயர்களை எல்லாம் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். பிடித்துக்கொண்டது. வயர்தான் லூசாக இருந்திருக்கும் என்றான்.

இரண்டாவது விருந்து சேலத்தில். இந்தத் தடவை மல்லூரிலேயே நின்றது. பொறி கொடுக்கிற காயில் சூடாகிவிட்டது என்று கண்ணுசாமி அங்கேயே வந்து புதுக் காயில் மாட்டிக் கொடுத்தார். மூன்றாவது விருந்து திருச்செங்கோட்டில், பிரீத்தியின் மாமனார் நாச்சிமுத்துவின் அக்கா நல்லம்மாள் வீட்டில். வையப்பமலைப் பக்கம் நின்றது. கிளம்பும் முன்பே கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, காயிலுக்குப் பிறகு பாயின்ட் செட்டும் மாற்றி, பெட்ரோல் ஆவியாகிறதோ என்று பம்பு மேல் ஈரத்துணி சுற்றியும் நின்றது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் போட்ட இலை வாடியிருந்தது.

நல்லம்மாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சரவணக்குமாரிடம் கேட்டாள்.

“ஏஞ்சாமி, போன மாசம் நீ ஒருத்தனா வந்தியே, அப்ப நின்னுச்சா?”

“இல்லீங்கத்தை.”

“அதுக்கு முந்தி?”

“இல்லீங்.”

“அப்பறம் எதுக்கு அந்த மெக்கானிக்க உட்டு வண்டிய நோண்டிட்டுக் கெடக்கற? குத்தம் வண்டியில இல்ல.”

பிரீத்தியை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாயசம் மட்டும் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

“திரும்பிப் போறப்பவும் நாந்தானுங்க பெரியத்தை உக்காந்து போறேன். அப்ப ஒரு நாளும் நின்னதில்லீங்” என்றாள் பிரீத்தி.

“அது விருந்து சாப்ட்ட ராசி, கண்ணு” என்றாள் நல்லம்மாள்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். போகவில்லை. நாச்சிமுத்து நூல் மூட்டை ஏற்றுகிற லாரிகள் வைத்திருந்தார். அந்த வருஷம் ராசிபுரத்திலேயே சொந்தமாக ஒரு தறிப்பட்டறை போட்டார். புதுத் தறி ஆறு. பிரீத்தி இளம்பிள்ளைக்காரி. படிப்பு முடித்ததிலிருந்து கல்யாணம் வரைக்கும் அப்பாவின் தறிப்பட்டறையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே மாமியார் சாரதாமணி, “எங்க பட்டறைய நீயே எடுத்து நடத்து சாமி” என்று சொல்லித்தான் பூ வைத்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பிரீத்தி தலையாட்டினாள் என்றுகூடச் சொல்லலாம். பட்டறை திறக்கிற அன்றைக்கு முதல் சுவிட்சை அவள் போடுவதாகப் பேச்சு.

திருச்செங்கோட்டிலிருந்து போன் வந்தது. அதற்கு அடுத்த நாள் நாச்சிமுத்து மருமகளைக் கூப்பிட்டார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினார்.

“சுவிட்ச அக்காவே போடட்டும் சாமி. நீ ஒரு வருசம் போகட்டும், பொறவு பட்டறைப் பக்கம் வா. நான் இதெல்லாம் நம்பறவன் இல்ல. ஆனா தறி ஓட்டற ஆளுக இருக்கறாங்களே, ஒரு பேச்சு காதுல உழுந்துட்டா, நூலு அறுந்தாலும் கரண்டு போனாலும் உன்னையத்தான் பாப்பாங்க.”

அவர் சொன்னது பொய்யில்லை. பட்டறையில் அப்படித்தான் நடக்கும் என்று பிரீத்திக்கே தெரியும். ஒரு வருஷம் கழித்து அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான் என்பதும் தெரியும்.

சாரதாமணி இதில் வாயே திறக்கவில்லை. அவள் சண்டை போடுகிறவள் இல்லை. தன்னால் ஆனது என்று ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். ஜோடி கிளம்பும்போதெல்லாம் ஆரத்தி எடுத்து, வண்டிக்குப் பொட்டு வைத்து அனுப்புவாள். லாரி வைத்திருக்கிற வீட்டில் அது பழக்கம். முன்பக்கம் ஒன்று, ஸ்டியரிங்கில் ஒன்று, சக்கரத்துக்கு ஒவ்வொன்று, கடைசியாக டேங்க் மூடிக்கு ஒன்று. “வண்டிக்கு அதுதான் வயிறு. வயிறு குளுந்திருந்தா நடுவழியில நிக்காது” என்பாள். முதல் தடவை மிளகு அளவுக்கு வைத்தாள். கார் நிற்க நிற்க அவள் அரைக்கிற சந்தனமும் கூடிக்கொண்டே போனது.

பட்டறை திறக்க இரண்டு நாள் இருந்தபோது பிரீத்தி புருஷனைக் கூட்டிக்கொண்டு கண்ணுசாமியிடம் போனாள். வேண்டுமென்றே தவளையில்தான் போனாள். ஆரத்தி ஒன்றும் இல்லை, திடீரென்று கிளம்பியது. நாமக்கல் வரைக்கும் நிற்காமல் ஓடியது.

கண்ணுசாமி துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். லாரிகளுக்கு நடுவில் பெட்ரோல் வண்டியும் பார்க்கிற ஒன்றிரண்டு பேரில் அவர் ஒருவர்.

“நல்லாத்தானுங்க ஓடுது அம்மிணி. நின்னா என்னன்னு பாக்கலாம். நிக்காத வண்டிக்கு என்னங்க வைத்தியம் பண்றது? ஆஸ்பத்திரிக்கு வந்ததும் காச்சல் உட்டுப்போற ஆளு மாதிரி இருக்குது இது.”

“இன்னைக்கு நான் உக்காந்துதானுங்ணா வந்தேன். நிக்கல. அப்ப நான் காரணமில்லைன்னு ஆகுதில்ல?”

“நீங்க இல்லீங்க. சத்தியமா இல்லீங்க. ஆனா அத உங்க பெரியத்தைகிட்ட நான் வந்து சொல்ல மாட்டனுங்க. எனக்குப் பல்லு கொஞ்சம் மிச்சமிருக்குது.”

சரவணக்குமார் சிரித்தான். பிரீத்தி சிரிக்கவில்லை.

“எங்க பட்டறையில ஒரு தறி இப்படித்தான் நிக்கும். ஆளு வந்து பாத்தா ஓடும். மோட்டார மாத்தினோம், பெல்ட்ட மாத்தினோம். கடைசியில பாத்தா, பக்கத்துல ஜன்னலத் தொறந்தாத்தான் நின்னுது. காத்துல நூலு காஞ்சு அறுந்துச்சு. தறிய மட்டும் பாத்துட்டே இருந்தமே தவிர, ஜன்னல யாரும் பாக்கல. இதுலயும் என்னமோ ஜன்னல் இருக்குதுங்ணா. நாளைக்கு நாங்க இளம்பிள்ளைக்கு எங்க அப்பா ஊட்டுக்குப் போறோம். விருந்துக்குப் போறப்ப என்னென்ன பண்ணுவமோ அத்தனையும் பண்ணிட்டுப் போறோம். நீங்க பைக்குல பின்னாலயே வாங்க.”

அப்படியே செய்தார்கள். முந்தின நாளே டேங்கை நிரப்பினார்கள். பிரீத்தி பட்டுச்சேலை கட்டினாள். சாரதாமணி ஆரத்தி எடுத்தாள், பொட்டு வைத்தாள். “இந்த ஒரு தரமாச்சும் ஒழுங்காப் போய்ச் சேரு” என்று காரிடமே சொன்னாள்.

ஆட்டையாம்பட்டிக்கு முன்னால், ஒரு கோழிப்பண்ணை வாசலில், கார் இருமியது. நின்றது.

பிரீத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். அவள் முகத்தைப் பார்த்தால் கார் நின்றுவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அத்தனை சந்தோஷம்.

கண்ணுசாமி பைக்கை நிறுத்திவிட்டு நேரே பின்பக்கம் வந்தார்.

“மொதல்ல பெட்ரோல் இருக்குதான்னு பாத்துரலாமுங்க.”

“அத மட்டும் தொடாதீங்ணா!” என்றாள் பிரீத்தி.

அவர் கையை எடுத்துவிட்டார்.

“மூணு தரமும் மொதல்ல அதத்தான் தொறந்தோம். தொறந்த பொறவு என்ன பண்ணினாலும் வண்டி கெளம்பிருச்சு. வயர அழுத்தினா வயரு, காயில் மாத்தினா காயிலுன்னு நெனச்சுக்கிட்டோம். அதனால அது கடைசி. மத்ததப் பாருங்க.”

கண்ணுசாமி பானட்டைத் தூக்கினார். பிளக்கைக் கழற்றி என்ஜின் மேல் வைத்து, சரவணக்குமாரைச் சாவி திருப்பச் சொன்னார். பொறி நன்றாக வந்தது. கார்பரேட்டர் கிண்ணத்தைத் திறந்தார். சொட்டு இல்லை. பம்புக்கு வருகிற குழாயைக் கழற்றி வாயில் வைத்து இழுத்தார். கன்னம் ஒட்டிப்போனதே தவிர பெட்ரோல் வரவில்லை.

“டேங்க் நெறைய இருக்குது, வர மாட்டேங்குது. பின்னால யாரோ புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குதுங்க” என்றார். பிறகு அவரே நிமிர்ந்து பிரீத்தியைப் பார்த்தார். “இப்பத் தொறக்கலாமுங்களா?”

“தொறங்க.”

மூடியைத் திருகியதும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. மூன்று பேருக்கும் கேட்டது.

கண்ணுசாமி மூடியைத் திருப்பி வெயிலில் பிடித்தார். அடிப்பக்கம் வாயை வைத்து ஊதினார். போகவில்லை. மேல்பக்கம் சாரதாமணியின் பொட்டு பத்து ரூபாய்க் காசு அகலத்துக்குக் காய்ந்து கிடந்தது. நடுவில் குங்குமம்.

“டேங்குல பெட்ரோல் கொறையக் கொறைய வெளிக்காத்து உள்ள போகோணுமுங்க. போகலீன்னா உள்ளுக்குள்ள புடிச்சு இழுத்துக்கும், பம்பால இழுக்க முடியாது. லாரி டேங்குல அதுக்குத் தனியா ஒரு சின்னக் குழா இருக்கும். இந்த வண்டியில மூடியிலயே ஊசி மொன கணக்கா ஒரு ஓட்டை வெச்சிருக்கறான்.”

“எங்க?”

“நட்ட நடுவுல. பொட்டுக்கு அடியில.”

கோழிப்பண்ணையில் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. முதலில் கண்ணுசாமிதான் சிரித்தார். சிரித்துவிட்டுச் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

“நானும் மல்லூருல இந்தப் பொட்டப் பாத்தனுங்க. சாமி பொட்டாச்சே, கை படக்கூடாதுன்னு ஓரமாப் புடிச்சுத்தான் தொறந்தேன்.”

“போய் எறங்கினதும் நாந்தான் தண்ணி வாங்கிக் கழுவிருவேன். சந்தனம் பெயின்ட்டுல கறை புடிக்கும்னு” என்றான் சரவணக்குமார். “அதனாலதான் வாரப்ப நிக்கல.” மூடியைக் கையில் வாங்கிக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஒரு ஊசிய உட்டு நோண்டிட்டுப் பேசாம இருந்துக்கலாம் பிரீத்தி. அம்மா மனசு நோகும்.”

“நாளைக்குப் பட்டறைக்கு நான் போறதா வேண்டாமா மாமா?”

அவன் மூடியை இறுக்காமல் டேங்க் மேல் வைத்தான்.

“அப்ப வண்டியத் திருப்புங்க. நோகாமச் சொல்றேன்.”

இளம்பிள்ளைக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணுசாமியோடு திரும்பினார்கள். வீட்டில் நல்லம்மாள் வந்து இறங்கியிருந்தாள். நாளைக்குச் சுவிட்சு போடுகிறவள் இல்லையா? கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன, பாதியிலயே திரும்பியாச்சா? இன்னைக்கு எங்க நின்னுச்சு?”

“ஆட்டையாம்பட்டிங்க” என்று சொல்லிவிட்டு பிரீத்தி நேரே சமையல்கட்டுக்குப் போனாள். கையில் மூடி. எண்ணத்தில் ஒரு பேச்சும் தயாராக இல்லை. சாரதாமணி நாளைய சமையலுக்கு எண்ணெய் டின்னை உடைத்துக்கொண்டிருந்தாள். ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரு மூலையில் ஒரு ஓட்டை போட்டாள். எதிர் மூலையில் இன்னொன்று போட்டாள். சாய்த்தாள். எண்ணெய் கயிறு மாதிரி விழுந்தது.

பிரீத்தி எட்டி அந்த இரண்டாவது ஓட்டையில் விரலை வைத்தாள். எண்ணெய் இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றது.

“விரல எடு கண்ணு. காத்து போனாத்தான எண்ணெ வரும்?”

“இதுக்கும் அப்படித்தானுங்களாம் அத்தை” என்று மூடியை மேடைமேல் வைத்தாள். “இதுலயும் காத்துக்கு ஒரு ஓட்டை இருக்குதுங்.”

சாரதாமணி மூடியைப் பார்த்தாள். டின்னைப் பார்த்தாள். சந்தனத்தில் அவளுடைய விரல்ரேகையே பதிந்திருந்தது.

“நானா நிறுத்தினேன்?”

“நீங்க இல்லீங்கத்தை. சந்தனம்.”

“அத வெச்சது யாரு, பக்கத்து ஊட்டுக்காரியா? நிக்குது நிக்குதுன்னு நான் எச்சா எச்சா வெச்சனே சாமி...” அவள் டின்னைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கூடத்திலிருந்து நல்லம்மாள் எழுந்து வாசற்படிக்கே வந்துவிட்டாள்.

“நல்லாருக்குது நாயம்! சந்தனம் வெச்சா வண்டி நிக்குமா? எத்தன வருசமா எங்கூட்டு லாரியெல்லாம் பொட்டு வெச்சுத்தான் ஓடுது. தன் மேல வந்த பேச்சத் தூக்கிச் சாமி சந்தனத்து மேல போடறா பாரு!”

மாமியார் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொள்வாள் என்றுதான் பிரீத்தி நினைத்தாள். சாரதாமணி எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள்.

“அண்ணி, நாளைக்கு நல்ல காரியம். நாமக்கல் ஆஞ்சநேயரப் பாத்துட்டு வந்துருங்க. சரவணன் இட்டுட்டுப் போவான்.”

“எதுல?”

“தவளையிலதான். பிரீத்தி இங்கயே இருக்கட்டும். நான் பொட்டு வெச்சு உடறேன்.”

“நானா? அந்தத் தகர டப்பாவுலயா?”

“உங்க ராசிக்கு அது நிக்காதுங்களே அண்ணி” என்றாள் சாரதாமணி. இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

நல்லம்மாளால் பின்வாங்க முடியவில்லை. வாசலில் கண்ணுசாமி மூடியை மாட்டினார். அதே இடத்தில், அதே அளவுக்கு, சாரதாமணி பொட்டு வைத்தாள். நல்லம்மாள் ஒரு காலை உள்ளே விட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு, தொப்பென்று இறங்கினாள்.

“என்னடா இது, கெணத்துக்குள்ள எறங்கற மாதிரி இருக்குது!”

கார் போயிற்று. வாசலில் மாமியார், மருமகள், கண்ணுசாமி மூன்று பேரும் நின்றார்கள். கண்ணுசாமிக்குக் காபி கொடுத்தார்கள். நாச்சிமுத்து வந்து, “அக்கா எங்க?” என்று கேட்டார். “கோயலுக்கு” என்றாள் சாரதாமணி. அதற்கு மேல் அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

போன் அடித்தது. சாரதாமணி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, நின்னு போச்சு. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்துல.”

பின்னால் லாரி ஹாரன். அதற்கும் மேலே நல்லம்மாளின் குரல். “போன வெச்சுத் தொலடா! ஊருக்கெல்லாம் சொல்லோணுமா? அக்கட்டாலத் தள்ளி நிறுத்து, லாரிக்காரன் சிரிக்கறான்!”

சாரதாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பால் மட்டும் வந்ததில்லை என்பது பிரீத்திக்குத் தெரிந்தது. அத்தையின் கையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை வாங்கி வைத்தாள். அப்போதுதான் நாச்சிமுத்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். கண்ணுசாமியைப் பார்த்தார். கண்ணுசாமி ஆமாம் என்று தலையாட்டினார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கார் திரும்பி வந்தது. மூடியில் பொட்டு இல்லை. நல்லம்மாளின் தலைமுடி நாலு பக்கமும் பறந்திருந்தது. நேரே உள்ளே வந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தாள்.

“வெயிலு. அதான் நின்னுச்சு” என்றாள்.

அவள் அடுக்கிய வெற்றிலையை மறுபடி எடுத்து அடுக்கினாள். யாரையும் பார்க்காமல், வெற்றிலையிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

“பட்டறைய வாரப்பப் பாத்தேன். சுவிட்ச அம்புட்டு ஒசரத்துல வெச்சிருக்கறீங்க. இந்த மூட்டு வலியோட நான் எங்க எக்கிப் போடறது? அவளே போடட்டும்.”

நாச்சிமுத்து சட்டைப் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். “போடட்டுமே” என்றார்.

கண்ணுசாமி கிளம்பும்போது சாரதாமணி அவரோடு வாசல்வரைக்கும் போய்க் கேட்டாள். “பொட்ட மூடியில கொஞ்சம் ஒதுக்கி வெக்கலாமுங்களா?” ஓரத்தில் வைத்தால் ஒன்றும் ஆகாது என்றார் அவர்.

மறுநாள் காலை பிரீத்தி சுவிட்சைப் போட்டாள். ஆறு தறியும் ஓடின. நான்காவது தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தது, ஆட்கள் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் முடிச்சுப் போட்டாள். தறி மறுபடி ஓடியது.